பழைய 4×5 பிரஸ் கேமராவுக்கு உதிரி தேடும்போது

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது: கையில் ஒரு 4×5 (நாலுக்கு ஐந்து அங்குல ஃபிலிம் தாளில் எடுப்பது) ஸ்பீடு கிராஃபிக் பிரஸ் கேமரா இருக்கிறது. பின்பக்கத்தில் பிம்பம் விழும் மங்கல் கண்ணாடியான கிரவுண்ட் கிளாஸ் உடைந்துவிட்டது. லென்ஸும் இல்லை, அதைப் பொருத்தும் பலகையான லென்ஸ் போர்டையும் காணோம். மடிப்பு மடிப்பாக நீளும் பெல்லோஸில் வெளிச்சம் கசிகிறது. இரண்டு பிம்பங்களை ஒன்றுசேர்த்து ஃபோகஸ் பார்க்கும் ரேஞ்ச்ஃபைண்டரில் இரண்டாவது பிம்பம் தெரியவே இல்லை. உதிரி எங்கே கிடைக்கும்? "எங்கே" என்பதற்கும் வருகிறேன், ஆனால் அதற்கு முன்னால் "எது" என்பதை முடித்தாக வேண்டும். அமெரிக்காவின் ராச்செஸ்டரில் 1912 முதல் இந்தப் பெயரில் கேமரா செய்தார்கள். கடைசியாக 1973-இல் கிராஃப்லெக்ஸ் நிறுவனம் மூடியபோதும் இந்தக் குடும்பத்துக் கேமராக்கள் விற்பனையில் இருந்தன. அறுபது ஆண்டில் பெயர் மாறவில்லை, உள்ளே எல்லாம் மாறியது. "ஸ்பீடு கிராஃபிக் லென்ஸ் போர்டு" என்று மட்டும் தேடி வாங்கினால் பெட்டியைப் பிரித்த பிறகுதான் பொருந்தாது என்பது தெரியும்.

முதலில் உங்களுடையது எந்தத் தலைமுறை என்று பாருங்கள். நின்று படம் எடுக்கும் நிலையில் கேமராவைப் பிடித்தால், வலப்பக்கத்தில் திரைச்சீலை ஷட்டரை முறுக்கும் சாவி இருக்கிறதா? இருந்தால் ஸ்பீடு, இல்லாவிட்டால் அது திரைச்சீலை ஷட்டர் இல்லாத கிரவுன் கிராஃபிக், விற்றவர் பெயரை மாற்றிச் சொல்லியிருக்கிறார். சாவி இருந்து, அருகே 1 முதல் 6 வரை இழுவிசை எண்ணும், துளை அகலமும், வேகமும் கட்டம் கட்டமாகப் பொறித்த தகடு இருந்தால் அது 1947-க்கு முந்தைய உடல்: 1940 முதல் வந்ததை ஆனிவர்சரி என்பார்கள், அதற்கு முந்தையது பிரீ-ஆனிவர்சரி. தகட்டுக்குப் பதிலாக ஆறு வேகங்களை மட்டும் காட்டும் ஒரே குமிழ் இருந்து, முன்தட்டின் தண்டவாளத்தில் மடக்கக்கூடிய இன்ஃபினிட்டி நிறுத்திகள் (தொலைதூர ஃபோகஸில் லென்ஸ் நிற்க வேண்டிய இடத்தைக் காட்டும் தடைகள்) இருந்தால் அது 1947-இல் வந்த பேஸ்மேக்கர். முழுக்க உலோக உடலாக இருந்தால் பெரும்பாலும் 1958-இல் வந்த சூப்பர் கிராஃபிக். அதன் உதிரிகள் தனி உலகம். லென்ஸில் உள்ள எண்ணை வைத்து உடலின் வயதைக் கணிக்க வேண்டாம். கோடக் லென்ஸ்களில் எண்ணுக்கு முன்னால் வரும் இரண்டு எழுத்துகள் ஆண்டைச் சொல்லும் என்பது உண்மைதான் ('கேமரோசிட்டி' என்ற ஆங்கிலச் சொல்லின் பத்து எழுத்துகளும் வரிசையாக 1 முதல் 9, பிறகு 0, ஈ-ஓ என்றிருந்தால் 46). ஆனால் அது லென்ஸின் பிறந்த ஆண்டு. பத்திரிகைக்காரர்கள் கையில் உழைத்த கேமராக்களில் லென்ஸ் பலமுறை மாறியிருக்கும்.

அடுத்து பின்புறம், அதாவது கண்ணாடியும் ஃபிலிமும் உட்காரும் 'பேக்'. இதில்தான் நிறையப் பேர் காசை விடுகிறார்கள், ஏனென்றால் மூன்று பெயர்களும் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கின்றன. கிராஃபிக் பேக் என்பது ஸ்பிரிங் வைத்த பழைய வகை: கண்ணாடிச் சட்டத்தை விரல் அகலம் தூக்கி, ஃபிலிம் ஹோல்டரை (ஃபிலிம் தாள் வைத்த தட்டையான பெட்டி) அடியில் செருகுவீர்கள், கண்ணாடிச் சட்டம் தனியாகக் கழன்று வராது. கிராஃப்லாக் பேக் 1949 முதல் வந்தது: கண்ணாடிச் சட்டம் முழுதாகக் கழலும், கழன்ற இடத்தில் ரோல்ஃபிலிம் பேக்கை வைத்து இரண்டு உலோகச் சட்டங்களை நகர்த்திப் பூட்டலாம். மூன்றாவதான கிராஃப்லெக்ஸ் பேக் வேறு இனம். அதன் ஹோல்டரில் மற்றவற்றில் மேடாக இருக்கும் வரம்பு இருக்காது, பதிலுக்கு ஒரு பள்ளம் ஓடும். உங்கள் கேமராவில் இருப்பது கிராஃபிக் பேக் அல்லது கிராஃப்லாக் பேக் என்றால் அந்த ஹோல்டர் சேராது. விளம்பரத்தில் "கிராஃப்லெக்ஸ் ஹோல்டர்" என்று போட்டிருந்தால் அது நிறுவனத்தின் பெயரா, பேக்கின் பெயரா என்று கேட்டு, ஹோல்டரின் ஓரத்தைப் படமாக வாங்கிப் பார்த்த பிறகே முடிவெடுங்கள். பேஸ்மேக்கர் உடலில் ஸ்பிரிங் பேக்கைக் கழற்றிவிட்டு கிராஃப்லாக் பேக் போடலாம், நல்ல மாற்றம்தான். அதற்கு முந்தைய மர உடலில் அது நேரடியாக உட்காரும் என்று நம்பி வாங்காதீர்கள். திருகுத் துளைகளின் இடைவெளியை அளந்து விற்பவரிடம் ஒப்பிடச் சொல்லுங்கள்.

கிரவுண்ட் கிளாஸைத் தேடி அலைய வேண்டியதில்லை, செய்துவிடலாம். சட்டத்தின் உள்ளளவை எடுத்து, ஒவ்வொரு பக்கமும் அரை மில்லிமீட்டர் குறைத்து, 2 மி.மீ. கண்ணாடியை வெட்டச் சொல்லுங்கள். பழைய கண்ணாடியின் துண்டு இருந்தால் தடிமனை அதிலிருந்தே எடுக்கலாம். 600 எண் அலுமினியம் ஆக்சைடு பொடியைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துக் கண்ணாடிமேல் விட்டு, உள்ளங்கை அளவுள்ள இன்னொரு கண்ணாடித் துண்டை அதன்மேல் வைத்து எட்டுப் போடுவதுபோல் தேய்க்க வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் முகம் வெளுத்துவிடும். கழுவிக் காயவைத்து, சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் தேய்க்காமல் விட்ட இடங்கள் பளிச்சென்று தெரியும். அங்கே மறுபடி தேயுங்கள். 400 எண் பொடி சீக்கிரம் வேலையை முடிக்கும், ஆனால் சொரசொரப்பு அதிகமாகி நுணுக்கமான விவரம் கண்ணுக்குப் பிடிபடாது. ஓரங்களை ஈரமான எமரித் தாளால் மழுக்க மறக்காதீர்கள், விரலைக் கிழிக்கும். தேய்த்த முகம் லென்ஸைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் கண்ணாடித் தடிமனுக்கேற்ப ஃபோகஸ் தப்பும்.

ஃபோகஸ் தப்புவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உதிரி மாற்றிய கேமராக்களில் "லென்ஸ் சரியில்லை" என்று பழி விழும் படங்களில் பல உண்மையில் இந்தக் கண்ணாடி உட்கார்ந்த ஆழத்தால் கெட்டவை. 4×5 ஹோல்டரில், கேமராவில் பதியும் முகத்திலிருந்து ஃபிலிம் படுக்கும் தட்டு வரை உள்ள ஆழம் 0.197 அங்குலம் என்பது தரநிலை, கூடக்குறைய 0.007 அங்குலம் போகலாம். ஃபிலிமின் தடிமன் ஏறக்குறைய 0.007 அங்குலம். ஆக ஃபிலிமின் மேல்முகம் 0.190 அங்குலம், அதாவது 4.8 மி.மீ. ஆழத்தில் இருக்கும். கண்ணாடியின் தேய்த்த முகமும் அதே ஆழத்தில் இருந்தாக வேண்டும். கெட்டுப்போன ஒரு ஃபிலிம் தாளை ஹோல்டரில் போட்டு, மேலே ஓர் எஃகு அளவுகோலைக் குறுக்கே வைத்து, டிஜிட்டல் கேலிப்பரின் பின்முனைக் குச்சியால் ஆழத்தை அளந்து அளவுகோலின் தடிமனைக் கழியுங்கள். பேக்கைக் கழற்றிக் கண்ணாடியையும் அப்படியே அளந்து ஒப்பிடுங்கள். நடுவில் ஓரிடத்திலும் நான்கு மூலைகளிலும் அளந்தால் போதும்.

கிராஃப்லாக் பேக்குகள் பலவற்றில் கண்ணாடிக்கு முன்னால், லென்ஸ் பக்கமாக, எக்டாலைட் என்ற ஃபிரெனெல் தகடு (பிம்பத்தைப் பிரகாசமாக்கும் தட்டையான பிளாஸ்டிக் லென்ஸ்) ஒன்று இருக்கும். மழமழப்பான முகம் லென்ஸ் பக்கம், வட்ட வரிகள் உள்ள முகம் கண்ணாடி பக்கம். பழைய தகடு கீறிப் போயிருந்தால் அதை எடுத்தெறிந்துவிட்டுக் கண்ணாடியை மட்டும் போடுவது வழக்கமான தவறு. அந்தச் சட்டம் தகட்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக் கடைந்தது. பிளாஸ்டிக் தகட்டின் வழியாக வரும் ஒளி, தகட்டுத் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு பின்தள்ளிக் குவியும். தகடு 1.5 மி.மீ. என்றால் கண்ணாடி அரை மில்லிமீட்டர் பின்னால் இருக்கும்படிதான் சட்டம் அமைந்திருக்கும். தகட்டை எடுத்தால் கண்ணாடி 1.5 மி.மீ. முன்னால் விழும், சரியான இடத்தைவிட ஒரு மில்லிமீட்டர் முன்னே வந்துவிட்டது என்று அர்த்தம். லென்ஸ் துளையை எஃப் 4.7 வரை திறந்தால் இந்த அளவு ஃபிலிமுக்குப் பொறுத்துக்கொள்ளக்கூடிய பிசகு முன்னும் பின்னும் அரை மில்லிமீட்டருக்குள்தான். எஃப் 22 என்ற சிறிய துளையில் எடுத்தால் குறை மறைந்துகொள்ளும், திறந்த துளையில் காட்டிக்கொடுத்துவிடும். தகடு இல்லாமல் வாழ முடிவெடுத்தால், எடுத்த தகட்டின் தடிமனில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குக் கண்ணாடியின் நான்கு மூலையிலும் முட்டுக் கொடுங்கள். மறுபக்கமும் உண்டு: தகடே இல்லாமல் செய்த சட்டத்தில் புதிதாக ஃபிரெனெல் வாங்கிப் போடுவதானால் அதைக் கண்ணாடிக்குப் பின்னால், உங்கள் கண் இருக்கும் பக்கம் வையுங்கள். ஃபோகஸ் அசையாது.

லென்ஸ் போர்டு விஷயம் எளிது. ஆனிவர்சரி 4×5-க்கு வேண்டியது நான்கு அங்குலச் சதுரத் தட்டைப் பலகை. பேஸ்மேக்கருக்கு ஏறக்குறைய மூன்றேமுக்கால் அங்குலச் சதுரம். அது வெறும் தட்டு அல்ல, ஓரம் மடிந்த உலோகப் பலகை, அந்த மடிப்புதான் வெளிச்சத்தைத் தடுக்கிறது. சூப்பர் கிராஃபிக் போர்டு இரண்டிலும் சேராது. போர்டைத் தாங்கும் முன் நிலைச்சட்டத்தின் பள்ளத்தை நீங்களே அளந்துகொள்ளுங்கள். நான் சொன்ன அங்குலக் கணக்கு எந்த வகை என்று அடையாளம் காண மட்டும். பேஸ்மேக்கர் போர்டு கிடைக்காவிட்டால் இரண்டு அடுக்கு அலுமினியத்தில் செய்யலாம்: பள்ளத்துக்குள் இறங்கும் சிறிய அடுக்கு ஒன்று, மேலே மூடும் பெரிய அடுக்கு ஒன்று, நடுவில் எப்பாக்சி. உள்முகத்துக்கு மட்டான கறுப்பு. முப்பரிமாண அச்சில் செய்த போர்டுகளும் விற்கிறார்கள். அவற்றில் சில மெல்லியவை, நேர்வெயிலில் ஊடுருவும். போட்ட பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள்.

போர்டில் துளையை எந்த அளவில் போடுவது என்பது லென்ஸைப் பொறுத்தது. இங்கே என் கருத்து கொஞ்சம் கறார். அந்தக் காலத்து எக்டார் 127 மி.மீ., ஆப்டார் 135 மி.மீ. லென்ஸ்களின் முன் கண்ணாடி ஓரிடத்தில், பின் கண்ணாடி ஓரிடத்தில், ஷட்டர் இன்னோரிடத்தில் என்று பொறுக்கிச் சேர்க்க வேண்டாம். லென்ஸின் இரு பாதிகளும் அவற்றுக்கான ஷட்டரில்தான் சரியான இடைவெளியில் உட்காரும். ஷட்டரோடு முழுசாக ஒன்றை வாங்குங்கள், பின்பக்க இறுக்கு வளையத்தோடு. அந்த வளையம் சின்னப் பொருள்தான், ஆனால் காணாமல் போனால் அதன் மரைக்குத் தனியாகக் கடைசல் வேலை செய்ய வேண்டியிருக்கும். பழசுதான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லையென்றால் கோப்பல் 0 ஷட்டரில் வரும் 135 அல்லது 150 மி.மீ. லென்ஸ் தொல்லையில்லாதது: துளை 34.6 மி.மீ., வளையம் எங்கும் கிடைக்கும். கோப்பல் 1 என்றால் 41.6 மி.மீ.

பழைய ஷட்டர் மெதுவான வேகங்களில் பாதியில் நின்றுபோனால் உதிரி தேடக் கிளம்பிவிடாதீர்கள். காய்ந்த எண்ணெய்தான் பெரும்பாலும் காரணம். முன் பின் லென்ஸ்களைக் கழற்றிவிட்டு, லைட்டர் திரவத்தால் பல்சக்கரத் தொகுதியைக் கழுவிக் காயவிட்டாலே மீண்டுவிடும். மேலே எண்ணெய் விடாதீர்கள், இதழ்களில் ஏறி ஒட்டிக்கொள்ளும். சுருள்வில் உடைந்திருந்தால் அதே ஷட்டரில் பழுதான இன்னொன்றை வாங்கிப் பிய்ப்பது ஒன்றே வழி. கிராஃபெக்ஸ் என்று பெயர் பொறித்த ஷட்டர் உங்களுக்கு வாய்த்தால் ஒரு வசதி உண்டு: அது வோலன்சாக் நிறுவனத்தின் ராப்பாக்ஸ்தான், பெயர்ப்பலகை மட்டும் வேறு. ராப்பாக்ஸ் என்று தேடினால் அதே அளவில் உதிரி கிடைக்கும்.

பெல்லோஸுக்கு வருவோம். இருட்டறையில் போர்டு துளையை மூடி, பெல்லோஸை முழுக்க இழுத்து, உள்ளே சின்ன எல்இடி டார்ச்சை விட்டு மெதுவாகச் சுற்றுங்கள். கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிடம் கொடுங்கள். ஓட்டைகள் மடிப்புகளின் மூலைகளில்தான் வரும், தட்டையான இடத்தில் அபூர்வம். நாலைந்து ஊசித்துளைகள் என்றால் ஷட்டர் துணியிலோ மெல்லிய கறுப்புத் துணியிலோ நகக்கண் அளவு வெட்டி, காண்டாக்ட் சிமெண்டால் உள்பக்கம் ஒட்டுங்கள். தடித்த ஒட்டு மடியாது; பக்கத்து மடிப்பைத் தின்றுவிடும். இன்சுலேஷன் டேப் வேண்டவே வேண்டாம், வெயிலில் பசை ஒழுகி மடிப்போடு மடிப்பு ஒட்டிக்கொள்ளும். மூலைகள் எல்லாமே நூல்நூலாக இருந்தால் ஒட்டுவேலை வீண், புதிது செய்பவரிடம் போங்கள். இன்னொரு பழைய கேமராவின் பெல்லோஸை வாங்கிப் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதுவும் இதே வயதுதான். புதிது செய்பவருக்கு ஐந்து அளவுகள் தேவை: முன்சட்டத்தின் உள்ளளவும் வெளியளவும், பின்சட்டத்தின் அதே இரண்டும், முழு நீட்டத்தில் நீளம். பலர் கேட்காமல் விடும் ஆறாவது ஒன்று இருக்கிறது: முழுக்க மடிந்த நிலையில் தடிமன். துணி கொஞ்சம் தடித்தால், மடிப்பு எண்ணிக்கை கூடினால், பெல்லோஸ் உடலுக்குள் அடங்காது, முன்தட்டு மூடாது. முடிந்தால் பழையதையே கழற்றி அனுப்புங்கள். கழற்றும் முன் பின்சட்டம் எந்தப் பக்கம் மேலே என்று பென்சிலில் குறித்துவிடுங்கள்.

ரேஞ்ச்ஃபைண்டர் மங்கினால் அரைவெள்ளி பூசிய கண்ணாடித் துண்டின் பூச்சு போய்விட்டது என்று பொருள். பஞ்சால் துடைக்காதீர்கள், மிச்சமிருக்கும் பூச்சும் பஞ்சோடு வந்துவிடும். ஒளியைப் பாதி கடத்திப் பாதி திருப்பும் கண்ணாடியை அதே தடிமனில், அதே அளவுக்கு வெட்டி வாங்கி, பூச்சு முகம் பழையதில் எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கமே வைத்து ஒட்ட வேண்டும். பிறகு சீரமைப்பு. பக்கவாட்டில் இருப்பது கலார்ட் வகை என்றால் வழக்கமான பல லென்ஸ்களுக்கு இசைக்கலாம்: முதலில் தொலைதூரப் பொருளைக் கிரவுண்ட் கிளாஸில் கூர்மையாக்கி இன்ஃபினிட்டி நிறுத்திகளை அந்த இடத்தில் இறுக்குங்கள், அதற்கு ரேஞ்ச்ஃபைண்டரைச் சேருங்கள், பிறகு ஒன்றரை மீட்டர் அருகே, கடைசியில் நடுத்தூரம். ஒன்றைத் திருத்தினால் மற்றது கொஞ்சம் நகரும் என்பதால் இரண்டு மூன்று சுற்று வரும். பேஸ்மேக்கர்களில் 1955 வாக்கில் வந்த மேல்பக்க ரேஞ்ச்ஃபைண்டர் என்றால் கதை வேறு. உள்ளே ஒரு கேம் தகடு (லென்ஸின் நகர்வை ரேஞ்ச்ஃபைண்டருக்குக் கடத்தும் வளைவான தகடு) இருக்கும், அது ஒரு குவியத்தூர லென்ஸுக்கென்றே வெட்டியது. லென்ஸை மாற்றினால் கேமையும் மாற்ற வேண்டும், அதைத் தனியாகத் தேடுவது சிரமம். இதனால்தான் உடலைப் பார்த்த பிறகு லென்ஸை முடிவு செய்யுங்கள் என்கிறேன்.

திரைச்சீலை ஷட்டரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் திரையை இழுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ரப்பர் பூசிய அந்தத் துணி வெடித்திருந்தால், முன் லென்ஸில் ஷட்டர் இருக்கும்வரை திரையை 'டி' நிலையில் திறந்துவைத்து கிரவுனைப் போல ஓட்டலாம். பழுது பார்க்கத் தோன்றினால் ஒன்று மட்டும்: உருளையின் இழுவிசையை முழுக்கத் தளர்த்தாமல் எந்தப் பல்சக்கரத் திருகையும் கழற்றாதீர்கள். வில் ஒரே நொடியில் அவிழ்ந்துவிடும், எத்தனை சுற்று இருந்தது என்பது பிறகு யாருக்கும் தெரியாது.

இனி "எங்கே" என்பது. பெரிய ஃபார்மட் கேமராக்களைப் பழுது பார்ப்பவர்களிடம் பிய்த்துப் போட்ட உடல்கள் இருக்கும். அவர்களிடம் கேட்பதே முதல் வழி. இரண்டாவது, ஏலத் தளங்களில் "பழுது, உதிரிக்கு மட்டும்" என்று போடும் முழு உடல்கள். போர்டு, கிராஃப்லாக் பேக், இன்ஃபினிட்டி நிறுத்திகள், திருகுகள் என்று தனித்தனியாக நாலு பேரிடம் வாங்குவதைவிட, பெல்லோஸ் கிழிந்த ஓர் உடலை மொத்தமாக வாங்குவது பல நேரம் மலிவு. முக்கியமாகத் திருகுகள் கிடைக்கும். இந்தக் கேமராவின் திருகுகள் அங்குல மரை, மெட்ரிக் திருகைத் திணித்தால் பித்தளை மரை நாசமாகும். கேட்கும்போது தலைமுறை, 4×5 என்ற அளவு, பேக் வகை மூன்றையும் முதல் வரியிலேயே எழுதி, அளவுகோல் வைத்து எடுத்த படத்தைச் சேருங்கள். 2×3 அளவிலும் இதே தோற்றத்தில் கேமரா உண்டு; படத்தில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும்.

ஃபிளாஷ் கைப்பிடி மட்டும் தேட வேண்டாம். 1977-இல் வந்த ஓர் அமெரிக்க விண்வெளிப் படத்தில் கதாநாயகனின் ஒளிவாளுக்கு மூன்று செல் கிராஃப்லெக்ஸ் கைப்பிடியை எடுத்துக்கொண்டார்கள். அன்று முதல் அதை வாங்குபவர்கள் படம் எடுப்பவர்கள் அல்ல, விலையும் நம் கைக்கு எட்டாது.

நீங்கள் எழுதியதை வைத்து உங்கள் உடல் ஆனிவர்சரியா பேஸ்மேக்கரா என்று சொல்ல முடியவில்லை. வலப்பக்கம், பின்பக்கம், போர்டு இல்லாத முன் நிலைச்சட்டம் மூன்றையும் படமெடுத்து, பள்ளத்தின் அளவையும் போட்டால் எந்த போர்டு, எந்தச் சட்டம் என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை எதையும் வாங்க வேண்டாம், கண்ணாடியை மட்டும் வெட்டச் சொல்லிவிடலாம்.